எதில் ஐம்பது சதவீதம்?

பிளேட்டோவின் ‘தியட்டீட்டஸ்’ உரையாடலில் சாக்ரட்டீஸ் ஒரு மாணவனிடம் பகடைக்காய்க் கணக்கொன்றைப் போடுகிறார். ஆறு காய்களை நான்கு காய்களுக்குப் பக்கத்தில் வைத்தால், ஆறு என்பது நான்கைவிடப் பாதி மடங்கு கூடுதல். அதே ஆறைப் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் வைத்தால், அது பாதிதான். இடையில் ஆறோடு ஒரு காயும் சேரவில்லை. அதிலிருந்து ஒன்றும் குறையவில்லை. பிறகு எப்படி அது கூடியது, எப்படிக் குறைந்தது என்று கேட்கிறார். கேள்விக்கு ஆளான தியட்டீட்டஸ் மந்தமான பையன் இல்லை. தியோடோரஸ் என்ற கணித ஆசிரியர் பெருமையோடு அறிமுகப்படுத்திய மாணவன். பிற்காலத்தில் விகிதமுறா அளவுகளைப் பற்றிய ஆய்வால் பெயர் பெற்றவன். அவனே தலை சுற்றுகிறது என்று ஒப்புக்கொள்கிறான். இப்படி வியந்து நிற்பதில்தான் மெய்யியல் தொடங்குகிறது என்று சாக்ரட்டீஸ் அவனைத் தட்டிக்கொடுக்கிறார். இன்றைய பள்ளிக்கூடப் பேச்சில் அந்தக் கணக்கு இவ்வளவுதான்: நான்கிலிருந்து ஆறு, 50 சதவீத உயர்வு; பன்னிரண்டிலிருந்து ஆறு, 50 சதவீதக் குறைவு. ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அரை நிமிடத்தில் போட்டுவிடுவார்கள். யாருக்கும் தலை சுற்றுவதில்லை. வித்தியாசத்தைத் தொடக்க மதிப்பால் வகுத்து நூறால் பெருக்கு என்ற சூத்திரம், தியட்டீட்டஸைத் தடுமாற வைத்த கேள்வியை வகுப்புக்குள் வரவே விடுவதில்லை. எதில் இத்தனை சதவீதம், அந்த ‘எது’வைத் தேர்ந்தெடுத்தவர் யார், வேறொன்றைத் தேர்ந்தெடுத்தால் சொல்லப்படும் செய்தி என்ன ஆகும் என்பதுதான் அந்தக் கேள்வி. அது கணக்கின் எல்லையைத் தாண்டி அறத்தின் எல்லைக்குள் நிற்பது. அதைத் தொடாமல் நடத்தப்படும் சதவீதப் பாடம் பாதிப் பாடம் என்பதே இங்கே முன்வைக்கப்படும் வாதம்.

முதலில் கணக்கையே அருகில் வைத்துப் பார்ப்போம். இலாப நட்டப் பாடத்தில் வழக்கமாக வரும் வகை இது. ஒரு வியாபாரி 100 ரூபாய் அடக்க விலையுள்ள பொருளுக்கு 40 சதவீதம் கூட்டி விலை குறிக்கிறார். பிறகு 25 சதவீதம் தள்ளுபடி தருகிறார். அவருக்கு இலாபம் எத்தனை சதவீதம்? அவசரக்கார மாணவர் நாற்பதிலிருந்து இருபத்தைந்தைக் கழித்து 15 என்று எழுதுவார். உண்மையில் குறித்த விலை 140. அதில் கால் பங்கு 35. விற்ற விலை 105. இலாபம் 5 சதவீதம்தான். மாணவர் கழித்தலில் தவறவில்லை. நாற்பது நிற்பது அடக்க விலையின் மேல், இருபத்தைந்து நிற்பது குறித்த விலையின் மேல். இரண்டும் ஒரே அடிப்படையில் நிற்பதாக அவர் எண்ணிவிட்டார். இலாபத்தை அடக்க விலையிலும் தள்ளுபடியைக் குறித்த விலையிலும் கணக்கிட வேண்டும் என்று பாடப்புத்தகம் விதியாகச் சொல்லும். ஏன் என்று கேட்டால்தான் விஷயம் திறக்கும். வியாபாரி பணம் போட்டது அடக்க விலையில். அவருக்குக் கிடைத்ததை அவர் போட்ட முதலோடு ஒப்பிடுகிறோம். வாங்க வருபவர் கண்ணில் படுவது குறித்த விலை மட்டுமே; அவருக்குக் கிடைத்த சலுகையை அதோடு ஒப்பிடுகிறோம். ஒரே பொருளின் விலைக்குள் இரண்டு பேருடைய நிலை இருக்கிறது. கம்பெனிகளோ இலாபத்தை விற்பனைத் தொகையில் இத்தனை சதவீதம் என்று சொல்வதும் உண்டு. அப்போது அதே 5 ரூபாய் 105இல் பங்காகி ஐந்து சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். எண்கள் எதையும் மாற்றாமல், யாருடைய இடத்தில் நின்று பார்க்கிறோம் என்பதை மாற்றினாலே விடை மாறுகிறது.

இதில் என்ன அறம் வந்தது, இது வெறும் வழக்காறுதானே என்று தோன்றலாம். கூலியை எடுத்துக்கொண்டால் அப்படித் தோன்றாது. மாதம் 20,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்கு நெருக்கடிக் காலத்தில் 20 சதவீதம் குறைக்கிறார்கள். சம்பளம் 16,000 ஆகிறது. நிலைமை சீரானதும் 20 சதவீதம் உயர்த்துகிறார்கள், 19,200 ஆகிறது. எடுத்த சதவீதத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று நிர்வாகம் சொன்னால் அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் மாதாமாதம் 800 ரூபாய் வராமலே போகிறது. பழைய நிலைக்குத் திரும்ப அவருக்கு 25 சதவீத உயர்வு வேண்டும். பாதி போனவருக்கு அது இரட்டிப்பாக, அதாவது 100 சதவீதம், கிடைத்தால்தான் ஈடாகும். பத்தில் ஒன்பது பங்கை இழந்தவருக்கு 900 சதவீதம் வேண்டும். முதலில் உயர்த்திப் பிறகு குறைத்தாலும் வந்து நிற்பது அதே 19,200தான். வரிசை மாறினாலும் பெருக்கல் மாறாது. இழப்பும் ஈடும் சம அளவினவாக இருக்க வேண்டும் என்பது நீதியைப் பற்றிய மிகப் பழைய எண்ணங்களில் ஒன்று. அந்தச் சமத்தை எதில் அளப்பது என்ற கேள்வி இந்தச் சின்னக் கணக்கிலேயே வந்துவிடுகிறது. சதவீதத்தில் சமமாக்கினால் இழந்தவர் மீள்வதில்லை. ரூபாயில் சமமாக்கினால்தான் மீள்கிறார். ‘இருபதுக்கு இருபது’ என்ற ஒலியொப்பு நியாயம்போல் கேட்கிறது என்பதே அதன் ஆபத்து.

மாற்றத்தைப் பழைய மதிப்பால்தான் வகுக்க வேண்டும் என்று யார் சொன்னது என்று ஒரு மாணவி கேட்டால், அதை அதிகப்பிரசங்கித்தனம் என்று தள்ளிவிட முடியாது. பொருளியலில் விலை நெகிழ்ச்சியைக் கணக்கிடும்போது இரண்டு மதிப்புகளின் நடுப்புள்ளியை அடிப்படையாகக் கொள்ளும் முறை இருக்கிறது. அதன்படி நான்கிலிருந்து ஆறுக்கு ஏறினாலும் ஆறிலிருந்து நான்குக்கு இறங்கினாலும் மாற்றம் ஐந்தில் இரண்டு, அதாவது 40 சதவீதம். ஏற்றமும் இறக்கமும் சமமாகிவிடும் இந்த முறை கணிதத்தில் குறைபாடு உடையதன்று. ஆயினும் பள்ளியும் சந்தையும் பழைய மதிப்பையே பிடித்துக்கொண்டிருப்பதற்கு, வசதிக்கு அப்பால் ஒரு காரணம் சொல்லலாம். மாற்றத்தை அனுபவிக்கிறவர் நடுப்புள்ளியில் வாழ்வதில்லை. நேற்று தன்னிடம் இருந்ததிலிருந்து இன்றைக்கு வந்து சேர்கிறார். அவருடைய வாடகையும் பிள்ளைகளின் கட்டணமும் நேற்றைய வரவை நம்பி ஏற்பட்டவை. காலம் ஒரு திசையில்தான் போகிறது என்பதையும், முன்பு இருந்ததற்குப் பதில் சொல்லும் கடமை பின்பு வந்ததற்கு உண்டு என்பதையும் அந்த வகுத்தல் ஏற்றுக்கொள்கிறது. வழக்காறுதான், ஆனால் காரணமுள்ள வழக்காறு. அந்தக் காரணத்தைச் சொல்லிக்கொடுத்தால், எந்த இடத்தில் அது பொருந்தாது என்பதும் மாணவருக்குத் தானே தெரிய வரும்.

அளவு பொருளிடமே இருக்கிறதா, ஒப்பீட்டில் பிறக்கிறதா என்ற கேள்வி இந்தியத் தத்துவ மரபுக்கும் புதிதன்று. வைசேடிகர் பொருளின் அளவை அதன் குணங்களில் ஒன்றாக வைத்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தமிழாக்கிய தருக்க சங்கிரகத்தின் இருபத்து நான்கு குணங்களிலும் எண், அளவு இரண்டும் இடம்பெறுகின்றன. வைசேடிக உரைகாரரான பிரசஸ்தபாதர் இலந்தை, நெல்லி, வில்வம் ஆகிய காய்களை எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். மூன்றும் கண்ணுக்குத் தெரியும் பருப்பொருள்கள். மூன்றுக்கும் உள்ளது பெருமையே. வில்வத்தின் பக்கத்தில் நெல்லியைச் சிறிது என்று சொல்வது உபசார வழக்கு மட்டும். நெல்லியின் அளவு நெல்லியிடமே இருக்கிறது. பௌத்த ஆசிரியர் நாகார்ச்சுனரோ எதிர்த்திசையில் போகிறார். குட்டை என்ற ஒன்றைச் சார்ந்துதான் நெட்டை என்பது இருக்கிறது; தனியே எடுத்தால் இரண்டும் இல்லை என்பது அவருடைய ‘இரத்நாவளி’யில் வரும் கருத்து. சதவீதம் இந்த இருவருக்கும் நடுவே வந்து உட்காருகிறது. நெல்லிக்காயின் எடை இத்தனை கிராம் என்பது நெல்லியைப் பற்றிய செய்தி. அது வில்வத்தைவிட இத்தனை சதவீதம் குறைவு என்பது நெல்லியைப் பற்றியதும் இல்லை, வில்வத்தைப் பற்றியதும் இல்லை; இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்த ஒரு மனத்தின் செயலையும் உள்ளடக்கியது. ஒன்று என்ற எண் மட்டுமே பொருளில் இயல்பாக உண்டு, இரண்டு முதலானவை எண்ணுகிற அறிவைச் சார்ந்தே தோன்றுகின்றன என்று வைசேடிகரே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு என்ற எண்ணுக்கே சேர்த்துப் பார்க்கும் அறிவு தேவை என்றால், சதவீத உயர்வுக்கு அது எவ்வளவு தேவை என்று சொல்ல வேண்டியதில்லை. மனத்தின் செயல் எங்கே வருகிறதோ அங்கே நோக்கம் வருகிறது. நோக்கம் வந்தால் நேர்மையும் நேர்மையின்மையும் வந்துவிடும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். எல்லாம் பார்வையைப் பொறுத்தது என்றால் உண்மை என்று ஒன்று இல்லாமல் போய்விடுமே, கணக்கு வகுப்பில்கூட ‘உனக்கு உன் விடை, எனக்கு என் விடை’ என்றாகிவிடாதா? சாக்ரட்டீஸின் பகடைக் கணக்கே, மனிதனே எல்லாவற்றுக்கும் அளவுகோல் என்ற புரோட்டகோரஸின் கொள்கையை ஆராயும் இடத்தில்தான் வருகிறது என்பதால் இந்த அச்சம் இயல்பானது. ஆனால் உறவைச் சார்ந்த உண்மையும் உண்மைதான். நான்கைவிட ஆறு 50 சதவீதம் கூடுதல் என்பது யாருடைய கருத்தும் இல்லை. அதை மறுக்க யாராலும் ஆகாது. சமணர்களின் அநேகாந்தவாதம் இதற்குச் சிறந்த விடை தருகிறது. ஒரே மனிதர் ஒருவருக்குத் தந்தை, மற்றொருவருக்கு மகன், இன்னொருவருக்கு மாமன். மூன்றும் மெய், ஒன்றோடொன்று மோதுவதில்லை. யாருக்கு என்பதைச் சொல்லாமல் ‘இவர் தந்தையா இல்லையா’ என்று கேட்டால்தான் முரண் தோன்றும். அதனால்தான் அவர்கள் ஒவ்வொரு கூற்றின் முன்னும் ‘ஒரு நோக்கில்’ என்ற அடைமொழியைச் சேர்க்கச் சொன்னார்கள். இதை எதையும் எப்படியும் சொல்லலாம் என்ற அனுமதியாகப் படிப்பது தவறு. எந்த நோக்கில் சொல்கிறாய் என்பதை நீயே முன்வந்து சொல்ல வேண்டும் என்ற கட்டளை அது. பேசுகிறவர்மேல் கூடுதல் பொறுப்பை ஏற்றுகிறது. சதவீதத்துக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் கிடைப்பது அரிது. அடிப்படையைச் சொல்லிவிட்டால் அது மறுக்க முடியாத உண்மை. மறைத்துவிட்டால் உண்மையின் உடையணிந்த ஏமாற்று.

ஏமாற்று என்ற சொல் கடுமையாகப் படலாம். 1995 அக்டோபரில் பிரிட்டனில் நடந்ததைப் பார்த்தால் அது மிகையில்லை என்று தெரியும். அதைவிட, ஏமாற்றும் எண்ணமே இல்லாமலும் அந்தத் தீங்கு நேரும் என்பதும் தெரியும். சில புதுவகைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்தக்கட்டி ஏற்படும் ஆபத்து இரண்டு மடங்காகிறது என்று அந்நாட்டின் மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. நூறு சதவீத உயர்வு. செய்தி பரவியதும் பல பெண்கள் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். எதில் நூறு சதவீதம் என்று பார்த்தால், பழைய மாத்திரையில் ஏறத்தாழ 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்த பாதிப்பு, புதியதில் 7,000 பேரில் இருவருக்கு. கர்ப்பமும் பிரசவமும் தரும் இரத்தக்கட்டி ஆபத்து இதைவிட அதிகம். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிடப்பட்டது. ஆபத்துகளை மக்களுக்கு எடுத்துச்சொல்லும் முறைகளை ஆராய்ந்த ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகரென்ஸர் இதைத் தம் நூல்களில் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுகிறார். எச்சரித்தவர்கள் பொய் சொல்லவில்லை. தீங்கு செய்ய நினைக்கவுமில்லை. சதவீதத்தைச் சொல்லி அடிப்படையைச் சொல்லாமல் விட்டதுதான் நடந்த தவறு. கேட்டவர்களுக்கும் ‘எதில்?’ என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் இல்லை. தீமை விளைவிக்காத சொல்லே வாய்மை என்று வள்ளுவர் வகுத்த வரையறையை இங்கே வைத்துப் பார்த்தால், எண்ணில் பிழையில்லாதிருப்பது மட்டும் வாய்மைக்குப் போதாது என்பது விளங்கும்.

நம் நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. 2022 மே மாதத்துக்கு முன் 4 சதவீதமாக இருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதம் ஆனது. இதை இரண்டரை சதவீதப் புள்ளி உயர்வு என்றும் சொல்லலாம், 62.5 சதவீத உயர்வு என்றும் சொல்லலாம். முதலாவது காதுக்கு மென்மையாகவும் இரண்டாவது இடியாகவும் விழும். ஆளுங்கட்சி மேடை எதை எடுக்கும், எதிர்க்கட்சி மேடை எதை எடுக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். மக்கள்தொகையை எடுத்தாலும் அப்படியே. 1991 முதல் 2001 வரை இந்தியாவின் வளர்ச்சி ஏறத்தாழ 21.5 சதவீதம், அடுத்த பத்தாண்டில் ஏறத்தாழ 17.7 சதவீதம். வேகம் நன்றாகவே குறைந்திருக்கிறது. ஆனால் சேர்ந்த மக்களின் எண்ணிக்கை இரண்டு பத்தாண்டுகளிலும் ஏறத்தாழ 18 கோடிதான். அடிப்படை பெருத்துவிட்டதால் அதே கூடுதல் சிறிய சதவீதமாகத் தெரிகிறது. குடும்பங்கள் சிறுத்து வருகின்றனவா என்று கேட்பவருக்குச் சதவீதம் வழிகாட்டும். எத்தனை பள்ளிக்கூடம் புதிதாகக் கட்ட வேண்டும் என்று கேட்பவருக்கு 18 கோடிதான் வழிகாட்டும்.

அப்படியானால் சதவீதத்தையே விட்டுவிட்டு உள்ள எண்ணிக்கையை மட்டும் சொன்னால் ஏமாற்றுக்கு இடமிருக்காதே என்று சிலர் சொல்லக்கூடும். நேர்மைக்கு இது குறுக்கு வழிபோல் தெரிகிறது. ஆனால் வெறும் எண்ணிக்கையும் பொய் சொல்லும் என்பதைச் சமயங்கள் நீண்ட காலமாகவே சொல்லி வந்திருக்கின்றன. எருசலேம் ஆலயக் காணிக்கைப் பெட்டியில் செல்வர்கள் பெருந்தொகை போடுகிறார்கள். ஏழை விதவை ஒருத்தி இரண்டு சிறு காசு போடுகிறாள். எல்லாரையும்விட அதிகம் போட்டவள் அவளே என்று இயேசு சொல்வதாக மாற்கு, லூக்கா நற்செய்திகள் கூறுகின்றன. மகாபாரதத்தின் அசுவமேதிக பருவத்தில், சிந்திய தானியத்தைப் பொறுக்கி வாழ்ந்த குருட்சேத்திரத்து அந்தணர் குடும்பம், தனக்கிருந்த மாவை முழுவதும் விருந்தினருக்குக் கொடுத்துவிடுகிறது. அங்கே புரண்டு பாதி உடல் பொன்னான கீரி, மறுபாதியும் பொன்னாகுமா என்று பார்க்க வந்து, தருமரின் அசுவமேதம் அந்த மாவுக்கு ஈடாகாது என்று வேள்விக் களத்திலேயே சொல்கிறது. சேக்கிழார் பாடிய இளையான்குடி மாறநாயனார் வரலாறு இன்னும் நுட்பமானது. அவர் செல்வராயிருந்தபோதும் நாள்தோறும் அடியார்க்கு அமுது படைத்தவர்தான். இறைவன் அவருடைய கொடையின் பெருமையைக் காட்ட நினைத்தபோது கொடையைக் கூட்டவில்லை; செல்வத்தைச் சுருக்கினார். மழை இரவில், அன்று விதைத்த நெல்முளையை வாரிவந்து, வீட்டுக் கூரையின் வரிச்சுகளை விறகாக்கி ஓர் அடியாருக்குச் சமைத்த சோறு, முன்பு நூறு பேருக்கு இட்டதைவிடப் பெரிதாக நின்றது. கொடுத்தது குறைந்தது; எதிலிருந்து கொடுத்தார் என்பது அதைவிட வேகமாகக் குறைந்தது. மூன்று மரபுகளும் ஒரே கணக்கைத்தான் போடுகின்றன.

இதற்கும் ஒரு மறுமொழி உண்டு. அதை மழுப்பிவிடக் கூடாது. விதவையின் இரண்டு காசால் பத்துப் பேருக்குப் பசி ஆறாது, செல்வரின் பெருந்தொகையால் ஆறும். பசித்தவருக்குத் தட்டில் எவ்வளவு விழுந்தது என்பதே முக்கியம். கொடுத்தவரின் சொத்தில் அது எத்தனை சதவீதம் என்பது அவருக்கு எதற்கு? மறுமொழி சரியானது. கொடுப்பவருக்கு அது என்ன விலை என்பது ஒரு கேள்வி. வாங்குபவருக்கு அது என்ன பயன் என்பது வேறொரு கேள்வி. முன்னதற்கு விடை சதவீதம். பின்னதற்கு விடை எண்ணிக்கை. ஒன்றின் விடையை மற்றதற்குக் கொடுத்தால்தான் குழப்பம். தன் வருமானத்தில் ஒரு சதவீதத்தைக் கொடுத்துவிட்டுக் கோடி கொடுத்தேன் என்று மார்தட்டுபவர், தியாகத்தைப் பற்றிய கேள்விக்கு எண்ணிக்கையால் விடை சொல்கிறார். ஊருக்குத் தேவையான மருத்துவமனையைக் கட்டாமல், நிதி ஒதுக்கீட்டை 200 சதவீதம் உயர்த்திவிட்டோம் என்று சொல்லும் நிர்வாகம், பயனைப் பற்றிய கேள்விக்குச் சதவீதத்தால் விடை சொல்கிறது. இரண்டும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள்.

சமயச் சட்டங்களில் இந்த வேறுபாட்டை மிகக் கவனமாகக் கையாண்டது இசுலாமியச் சட்ட மரபு என்று சொல்லலாம். ஓராண்டு முழுவதும் கையில் நிற்கும் பணம், பொன், வெள்ளிக்கு ஜகாத் 2.5 சதவீதம். ஆனால் நிஸாப் என்ற குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இருப்பவருக்கு ஜகாத் கடமையே இல்லை. விளைச்சலில் மழைநீரால் தானே விளைந்ததற்குப் பத்தில் ஒரு பங்கு. உழைப்பும் செலவும் போட்டு நீர் இறைத்து விளைவித்ததற்கு இருபதில் ஒரு பங்கு. ஒரே சதவீதம் எல்லாருக்கும் ஒரே சுமை ஆகாது என்ற உணர்வு இதில் தெளிவாக இருக்கிறது. கணிதவியலாளர் டேனியல் பெர்னூலி, 1738இல் வெளியிட்ட கட்டுரையில், ஒருவருக்குக் கிடைக்கும் சிறு ஆதாயத்தின் பயன் அவரிடம் ஏற்கெனவே உள்ளதற்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்று வாதிட்டார். அந்த வாதத்தை அப்படியே எடுத்தால், 10,000 ரூபாய்க்காரருக்கு 1,000 ரூபாய் எவ்வளவோ, 10 லட்ச ரூபாய்க்காரருக்கு 1 லட்சம் அவ்வளவு. சதவீதம் சமமானால் சுமையும் சமம். ஆனால் சோற்றுக்கும் வாடகைக்குமே சரியாகப் போகும் வருமானத்தில் பத்து சதவீதம் எடுத்தால் அது உலையில் போடும் அரிசியைத் தொடும். மற்றவருக்கு அது வங்கி இருப்பை மட்டுமே தொடும். நிஸாப் என்ற எல்லைக்கோடு நியாயப்படுவது இதனால்தான். சதவீதம் எண்ணிக்கையைவிட ஒருபடி நியாயமானது. ஆயினும் அதுவும் முடிந்த நியாயமாகிவிடாது.

இவ்வளவையும் பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பிள்ளைகளின் தலையில் ஏற்றலாமா, கணக்கு ஆசிரியர் கணக்கைச் சொல்லிக்கொடுத்தால் போதாதா, அறத்துக்குத் தமிழ் வகுப்பு இருக்கிறதே என்ற கேள்வி கடைசியாக வரும். அதில் பாதி நியாயம் இருக்கிறது. வகுக்கவும் பெருக்கவும் தடுமாறும் பிள்ளையிடம் நாகார்ச்சுனரைப் பேசிப் பயனில்லை. ஆனால் அடிப்படையைத் தேர்ந்தெடுப்பது எந்தச் சதவீதக் கணக்கிலும் தவிர்க்க முடியாத முதற்படி. எண்களை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது கிடைக்காது, கணக்கின் வாக்கியத்தைப் படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆசிரியர் அதைக் கற்பிக்காவிட்டால் பிள்ளைகள் தாமாகவே ஒரு விதியைக் கற்றுக்கொள்கிறார்கள்: முதலில் வரும் எண்ணால் வகு, அல்லது பெரிய எண்ணால் வகு. தேர்வுத்தாளில் வரும் பல பிழைகளின் ஊற்று அதுவே. ஆகவே அறத்தைத் தனியே கொண்டுவந்து சேர்க்க வேண்டியதில்லை. கணக்கைச் சரியாகக் கற்பித்தாலே அது கூட வரும். விடைக்கு முன்னால் ‘எதிலிருந்து எதற்கு, யாருக்கு’ என்று ஒரு வரி எழுத வைக்கலாம். ஒரே மாற்றத்தை இரண்டு அடிப்படைகளில் போட்டுவிட்டு, எதை யார் சொல்லக்கூடும் என்று கேட்கலாம். சம்பளக் கணக்கைப் போட்டபின், திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்ற கூற்று சரியா என்று விவாதிக்க விடலாம். இவற்றுக்கு ஒரு பாடவேளைக்குமேல் ஆகாது. பாடத்திட்டத்தை மாற்ற அரசாணையும் வேண்டாம்.

எந்த அடிப்படை சரி என்பதற்குப் பொதுவிதி ஒன்றும் இல்லை என்றாலும், தவறானதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. சதவீதம் சொல்பவர், அந்த மாற்றத்தைத் தாங்குகிறவரின் நிலையிலிருந்தும் அதே மாற்றத்தைச் சொல்லிக்காட்டத் தயாராக இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். சம்பளத்தை ‘20 சதவீதம் உயர்த்தினோம்’ என்றவர், ‘பழைய சம்பளத்தில் 4 சதவீதம் இன்னும் பாக்கி’ என்றும் சொல்வாரானால் அவர் நேர்மையானவர். ஆபத்து இரட்டிப்பு என்றவர், ஏழாயிரத்தில் ஒன்று இரண்டாகிறது என்றும் சொல்வாரானால் அவரை நம்பலாம். இரண்டாவது வாக்கியத்தைச் சொல்ல மறுப்பவர் முதல் வாக்கியத்தை எதற்காகத் தேர்ந்தெடுத்தார் என்பது அங்கேயே வெளிப்பட்டுவிடும். அடிப்படையை எழுதாத சதவீதத்துக்கு மதிப்பெண் கொடுக்கக் கூடாது. விடைத்தாளிலும் சரி, செய்தித்தாளிலும் சரி, மேடையிலும் சரி.